இரண்டாவது பூச்சு

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கல்லூரி விடுமுறை. எனக்குப் பூஜையில் நம்பிக்கை இல்லை, சுத்தத்தில் உண்டு. அதனால் வருடா வருடம் ஒரே ஏற்பாடுதான். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் என் கணவர் தணிகாசலத்தின் பொறுப்பு. காரைக் கழுவித் துடைப்பது என் பொறுப்பு.

காலையில் மகள் மிருதுளாவைக் கூட்டிக்கொண்டு ரஃபீக்கின் வாட்டர் வாஷ் கடைக்குப் போய் டயர் பாலிஷ் கேட்டேன். இரண்டு வகை காட்டினார். ஒன்று பால்போல வெள்ளை, தண்ணீரில் கலந்தது. மற்றது நிறமில்லாமல் எண்ணெய்போல இருந்தது. இரண்டிலும் இருப்பது சிலிகோன்தான். தண்ணீர்க் கலவை மங்கலான கருப்பைத் தரும், எண்ணெய் பளபளக்கும், காய நேரம் எடுக்கும்.

"வெள்ளையவே எடுத்துக்கங்க மேடம். இன்னொண்ணு ரொம்ப வழவழன்னு இருக்கும், கல்யாண ஊர்வலத்து வண்டி மாதிரி."

"ஊர்வலத்து வண்டி மாதிரியே இருக்கட்டும்ணா" என்றாள் மிருதுளா. இருபது வயது. லைசென்ஸ் வந்து பத்து நாள் ஆகிறது. நாளை விஜயதசமி, எதையும் புதிதாகத் தொடங்க நல்ல நாள் என்று அவள் அப்பா இந்த மலைச் சாலையில் முதல்முறையாக அவளை ஓட்ட விடப்போகிறார். அதனால் எண்ணெயே வாங்கினேன்.

"சைடுல மட்டும் போடுங்க மேடம். ரோட்டைத் தொடற பட்டன்ல பட வேண்டாம்."

"நான் கெமிஸ்ட்ரி டீச்சர், ரஃபீக்" என்றேன். அவர் சிரித்தார்.

டயரை பிரஷ் போட்டுத் தேய்த்து, உலரவிட்டு, ஸ்பாஞ்சில் எடுத்துத் தடவினேன். குப்பியின் பின்னால் பதினோரு எச்சரிக்கைகள், முழுதும் படித்தேன். கண்ணில் படக்கூடாது, குழந்தைகளுக்கு எட்டக்கூடாது, தரையில் படும் பகுதியில் பூசக்கூடாது. வழக்கு வராமல் இருக்க எல்லாக் கம்பெனியும் எல்லாப் பொருளிலும் எழுதிவைப்பது. போட்டோவுக்காக முன்சக்கரங்களைத் தணிகாசலம் திருப்பி வைத்திருந்தார். பக்கம் கருகருவென்று இருக்க, பட்டன் மட்டும் செம்மண் பழுப்பாகத் தெரிந்தது கண்ணை உறுத்தியது. அதையும் பூசினேன். தரையில் அழுந்தியிருந்த பகுதி மீதியாகிவிட்டது. மிருதுளாவைக் கூப்பிட்டு வண்டியை ஒரு முழம் தள்ளச் சொல்லி அதையும் முடித்தேன். பின்சக்கரங்களும் அப்படியே. மாலையில் எல்லாவற்றுக்கும் இரண்டாவது பூச்சு. பனியில் இன்னும் காயவில்லை. மிகுதியைத் துடைக்கவில்லை, நாளை ஓடினால் போய்விடும்.

தணிகாசலம் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினார். உண்மையிலேயே அழகாக இருந்தது.

அக்டோபர் 2, வியாழன்

விபத்து. மிருதுளா ஓட்டினாள். அவளுக்குக் கையில் சிராய்ப்பு. அவர் கோயம்புத்தூரில், ஆபரேஷன் தியேட்டரில்.

அக்டோபர் 3, வெள்ளி

ஐசியூ வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதினால் மனம் நிற்கும் என்று தோன்றுகிறது.

காலை ஏழே முக்கால். தூறல். அவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். மிருதுளா காரை எடுத்தாள். மூன்று எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. முன்பக்கத்து வலது சக்கரத்தின் கீழிருந்தது மட்டும் நசுங்காமல் தெறித்து ஓடியது. கேட்டிலிருந்து இறக்கம் இருநூறு மீட்டர், பிறகு கொண்டை ஊசி வளைவு. நான் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெதுவாகத்தான் போனாள். வளைவுக்கு முன்னால் பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி நிற்கவில்லை. சக்கரங்கள் சுழலாமல் நின்றபடியே வண்டி நகர்ந்தது. சத்தமே இல்லை. கல் சுவரை இடித்து, கீழே தேயிலைக்குள் இடதுபக்கமாகச் சாய்ந்தது.

தண்டுவடத்தில் அடி. ஆபரேஷன் ஐந்து மணி நேரம். வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். கால்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

போனில் மிருதுளா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். "பிரேக் புடிச்சேன்மா. நிக்கல. சோப்புத் தண்ணில போற மாதிரி போச்சு."

தூறலில் சாலை வழுக்கும். முதல் மழைதான் மிகவும் வழுக்கும், சாலையில் படிந்த எண்ணெய் மேலே வரும். அதைத்தான் சொன்னேன்.

அக்டோபர் 4, சனி

அவருடைய அக்கா ருக்குமணி அண்ணி அன்னூரிலிருந்து வந்துவிட்டார். மிருதுளாவுக்குத் துணையாக வீட்டில் இருப்பார். நான் பஸ்ஸில் மலை ஏறி மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"எலுமிச்சம்பழம் நசுங்காம ஓடிருச்சாமா. அப்பவே வண்டிய நிறுத்தியிருக்கோணும், சுகந்தி."

"அண்ணி, அது ஒரு பழம். உருண்டையா இருக்கு, உருளும்."

"உங்கிட்ட எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் அம்மணி. எந்தம்பி எந்திரிச்சு நடக்கறதுக்கும் ஒரு காரணம் இருந்தாச் சொல்லு."

மிருதுளாவின் காதில் விழும்படிதான் சொன்னார். அவள் தட்டில் போட்ட இட்டிலியைத் தொடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

காலை பஸ்ஸில் மறுபடி வீட்டுக்கு வந்து கார் ஷெட்டைக் கழுவினேன். அங்கே இருந்த வேலை அது ஒன்றுதான். சாக்கடை ஓரத்தில் அந்தப் பழம் கிடந்தது. முழுசாக இருந்தது. ஒரு பக்கம் விரல் அகலத்துக்குக் கருப்புப் பட்டை. தண்ணீரில் கழுவினேன், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. நெயில் பாலிஷ் துடைக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் தேய்த்தபோதும் பாதிதான் வந்தது.

காகிதத்தில் சுற்றி என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்டோபர் 6, திங்கள்

மோட்டார் வாகன ஆய்வாளர் ஸ்டேஷனில் நிற்கும் காரைப் பார்த்தார். பிரேக் ஆயில் இருக்கிறது, பிரேக் பிடிக்கிறது, ஸ்டியரிங் சரி, டயரில் பட்டன் நிறைய இருக்கிறது. காரில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நாலு நாள் மழையில் நின்ற கார்.

நேற்று முழுவதும் பிரேக் கெட்டிருக்க வேண்டும் என்று விரும்பினேன். வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

சப் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நிதானமாகப் பேசினார். "வண்டில ஒண்ணும் இல்லைன்னா ஓட்டினவங்க கவனக்குறைவுன்னுதாங்க வரும். பொண்ணு கொஞ்சம் தெளியட்டும். பதினஞ்சாம் தேதி கூட்டிட்டு வாங்க, வாக்குமூலம் வாங்கிக்கறோம்."

மிருதுளாவிடம் பிரேக் சரியாக இருந்ததைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். அண்ணி சொல்லிவிட்டார்.

அக்டோபர் 8, புதன்

காய்ச்சல் அவருக்கு. நுரையீரலில் சளி. மிருதுளா இன்றும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ரஃபீக்கிடம் போய்ப் பழைய டயரில் இரண்டு துண்டு வெட்டித் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். லேபுக்கு என்றேன். வெட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னிக்கு பட்டன்ல ஏதும் போட்டீங்களா?"

"இல்லை."

"அதானே. நீங்க படிச்சவங்க. சும்மா மனசு கேக்கல, அதான் கேட்டேன்."

கல்லூரியிலிருந்து சுருள்வில் தராசு கொண்டுவந்திருந்தேன். ஷெட்டின் சிமென்ட் தரையை நனைத்து, ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு கிலோ எடைக்கல் வைத்துத் தராசால் இழுத்தேன். எதுவும் பூசாத துண்டு 650 கிராமில் நகர்ந்தது. மீதிப் பாலிஷை இரண்டு முறை பூசி, அரைகுறையாகக் காயவைத்த துண்டு 310இல் நகர்ந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்று முறை திரும்பச் செய்தேன். 330, 300, 320.

சோதனையில் குறைகள் இருக்கின்றன. தார்ச் சாலை வேறு, சிமென்ட் தரை வேறு. காரின் எடை வேறு. ஓடும்போது பூச்சு தேய்ந்துவிடும், ஒன்றிரண்டு கிலோமீட்டரில் ஒன்றும் இருக்காது. ஒரு மாணவி இந்த நோட்டைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவேன். தவிர, குப்பியில் கண்ணில் படும்படி எச்சரிக்கை எதுவும் இல்லை. விலைச் சீட்டை அதன் மேல் ஒட்டியிருந்தார்கள்.

வளைவு இருநூறாவது மீட்டரில் இருக்கிறது.

அக்டோபர் 11, சனி

வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. கழுத்தில் பட்டை, தலையைத் திருப்ப முடியாது. கூரையைப் பார்த்தபடியே பேசினார்.

"மிருது எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"புள்ளய யாரும் ஒண்ணும் சொல்லிராதீங்க. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். வளைவுல நான் எடுத்திருக்கோணும். பயந்து மிதிச்சுட்டா போல."

"பேசாதீங்க. தூங்குங்க."

டாக்டர் வந்து ஊசிமுனையால் பாதத்தில் குத்தினார். தெரிகிறதா என்றார். இவர் எங்கே குத்தப்போகிறீர்கள் என்று கேட்டார். ஏற்கனவே ஆறு இடத்தில் குத்தியாகியிருந்தது.

வராந்தாவில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பார்க்கிங்கில் ஒரு டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். டயரின் பக்கத்தில் மட்டும் பூசி, பழைய துணியால் ஒற்றி எடுத்தார். பட்டனில் ஒரு துளி வழிந்தது. அதைக் கட்டைவிரலால் உடனே வழித்து எடுத்தார். அவர் ஸ்கூல் முடித்திருப்பாரா என்று தெரியாது.

அக்டோபர் 12, ஞாயிறு

ருக்குமணி அண்ணி போன் செய்தார். இந்த முறை கோபம் இல்லை, பயம்.

"சுகந்தி, நீ வீட்டுக்கு வந்துரு. தம்பிகிட்ட நான் போய் இருந்துக்கறேன். புள்ளயக் காணோம்னு தேடிட்டுப் போனா, அந்த வளைவுல நின்னுட்டு இருக்கறா. ஒடஞ்ச செவத்தோரமா. ஒரு மணி நேரமா நின்னாளாம், டீ எஸ்டேட் பொம்பளைங்க சொல்றாங்க. நான் போயி கையப் புடிச்சாத்தான் திரும்பிப் பாக்கறா."

முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

பிளேடை எடுத்து வைத்துக்கொண்டு இந்த நாட்குறிப்பின் அக்டோபர் முதல் தேதியைத் திருப்பினேன். ஒரு தாள்தான், இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன். தையலை ஒட்டி வெட்டினால் தெரியாது. பாலிஷ் குப்பியை நேற்றே குப்பையில் போட்டாகிவிட்டது. பட்டனில் பூசினேன் என்று வேறு எங்கும் எழுதப்படவில்லை. ரஃபீக்குக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

வெட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறேன் என்று படிக்கவும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

மிருதுளா நாளைக்கான வாக்குமூலத்தைத் தானே எழுதிவைத்திருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. "நான் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டினேன். சரியான நேரத்தில் பிரேக் பிடிக்கவில்லை." பக்கத்தில் அவளுடைய லைசென்ஸ், கத்தரிக்கோலால் நாலு துண்டாக.

"நீ வேகமாப் போகலையே. நான் பார்த்துட்டுத்தானே நின்னேன்."

"அப்ப ஏம்மா நிக்கல?"

"மழை."

"மழைல அப்பா தினமும் அந்த ரோட்ல போவாரு. பிரேக் நல்லாருக்காம். டயர் நல்லாருக்காம். ரோடு அதே ரோடு." விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். "நீங்கதானே சொல்லித் தருவீங்க, ஒவ்வொண்ணா கழிச்சுட்டே வரணும், கடைசில மிச்சம் நிக்கறதுதான் பதில்னு. நான்தாம்மா மிச்சம்."

வாயைத் திறந்தேன். குக்கர் விசில் வந்தது. அதை அணைக்க எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

குக்கரைக் காரணமாக எழுதியிருக்கிறேன். இதுவும் ஒரு விலைச் சீட்டுதான்.

எச்சரிக்கையின் மேல் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. நான் படித்தேன்.

அக்டோபர் 15, புதன்

பதினோரு மணிக்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டும். ஒன்பதரைக்கு அவளை ஷெட்டுக்கு வரச் சொன்னேன். கார் இல்லாத ஷெட். ஸ்டூலின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். காய்ந்து கொட்டைப்பாக்குப் போல ஆகிவிட்டது, கருப்புப் பட்டை மட்டும் இன்னும் மினுங்குகிறது. நாட்குறிப்பை முதல் தேதியில் திறந்து கையில் கொடுத்தேன். பேச ஆரம்பித்தால் நான் அதைத் திருத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

நின்றபடியே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்னைத் தள்ளச் சொன்னீங்களே. இதுக்குத்தானா?"

"ஆமா."

"ரஃபீக் அண்ணன் போட வேண்டாம்னு சொன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன். அது என்னன்னு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"பாட்டில்லயும் போட்டிருந்துச்சு."

"ஆமா. படிச்சேன். நம்பலை."

அவள் பழத்தை எடுத்து விரலால் அந்தப் பட்டையைத் தடவினாள். விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"பதினஞ்சு நாளா நான் என்னையவே..." என்று நிறுத்தினாள். "பதினஞ்சு நாள்மா."

"பதிமூணு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அவள் பழத்தை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனாள். கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. வளைவுக்குப் போகிறாளோ என்று ஓடினேன். கேட் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது இப்போதுதான். பக்கத்தில் போனேன். கையை நீட்டி, வராதீங்க என்பதுபோல் காட்டினாள். நின்றேன்.

ஸ்டேஷனுக்கு இருவரும் ஒரே ஆட்டோவில் போனோம். அவள் எழுதிய காகிதத்தை அவளே கிழித்து வெளியே விட்டாள். சப் இன்ஸ்பெக்டர் என் நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நகல் எடுத்துக்கொண்டார். இதைச் சட்டத்தில் எங்கே வைப்பது என்று மேலே கேட்க வேண்டும் என்றார்.

"ஏங்க, இத நீங்களா கொண்டுவந்து குடுக்கலைன்னா யாருக்கும் தெரியப்போறதில்லையே."

"இவளுக்குத் தெரியணும்" என்றேன்.

திரும்பும் வழியில் ரஃபீக்கின் கடையில் இறங்கினேன். "போட்டேன் ரஃபீக். அன்னிக்குப் பொய் சொன்னேன்." அவர் கையில் இருந்த குழாயை மூடினார். "அந்த எண்ணெய் குப்பிய நான் காட்டியிருக்கவே கூடாது மேடம்" என்றார். அதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. இன்னொருவரும் கழித்துக் கழித்துத் தன்னையே மிச்சமாக நிறுத்துவதை என்னால் பார்க்க முடியாது. அதைச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

அக்டோபர் 16, வியாழன்

மருத்துவமனை. பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஐந்து. அண்ணியைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு அவரிடம் சொன்னேன். எந்த வகை பாலிஷ், எத்தனை பூச்சு, யார் தடுத்தது, எங்கே எழுதியிருந்தது எல்லாம். தராசுக் கணக்கையும் சொன்னேன்.



"மிருதுகிட்ட சொல்லிட்டியா?"

"நேத்து சொல்லிட்டேன்."

"ம். அப்பச் சரி."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, இமை அசைந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்ப முடியாது, அதனால் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து மணி வரை அப்படியே. நான் போர்வையைச் சரிசெய்தேன். பாதத்தைத் தொட்டேன். அவருக்கு அது தெரிந்திருக்காது.

அக்டோபர் 17, வெள்ளி

டாக்டரிடம் கால்களைப் பற்றிக் கேட்டேன். ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். அவர் நம்பிச் சொல்கிறாரா, வழக்கமாகச் சொல்வதா என்று முகத்தில் தேடினேன். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு, சொன்னபடியே எழுதிக்கொண்டேன். ஆறு மாதம்.

அக்டோபர் 18, சனி

மிருதுளா என்னோடு பேசவில்லை. மூன்று நாள் ஆகிறது. அவள் அப்பாவோடு போனில் பேசுகிறாள், ரஃபீக் வந்தால் பேசுகிறாள், அத்தையிடம் போனில் சிரிக்கக்கூடச் செய்தாளாம். நான் உள்ளே நுழைந்தால் வேறு அறைக்குப் போகிறாள். இது எத்தனை நாள் நீடிக்கும் என்று கணக்கிட எந்த முறையும் எனக்குத் தெரியாது.

காலையில் குளித்துவிட்டு வந்தேன். சமையலறையில் ஸ்டவ் எரியும் சத்தம் கேட்டது. வாசலிலேயே நின்றுவிட்டேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மேடையோரமாக நின்றபடியே, பொடி தொட்டு, இரண்டு சாப்பிட்டாள். பிறகு மாவைக் கலக்கி மூன்றாவது ஊற்றினாள்.